முழங்காலைப் பார்க்கும்போது கழுத்தையும் பாருங்கள்

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் குழந்தைகளின் குறைபாடுகளைத் தொடக்கத்திலேயே கண்டறியும் இடையீட்டு சேவை மைய மருத்துவர்களுக்கும், பள்ளிச் சிறார் பரிசோதனைக் குழுவினருக்கும் வணக்கம்.

குடியாத்தத்தில் லுங்கி நெய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவன் நான். என் மகளுக்கு மார்க்கியோ நோய். ஒரு நொதி குறைவதால், சிதைந்து வெளியேற வேண்டிய சர்க்கரைத் தொடர்கள் எலும்பிலும் குருத்தெலும்பிலும் தேங்குகின்றன. வளர்த்தி குன்றும், நெஞ்செலும்பு துருத்தும், முழங்கால்கள் உள்வாங்கி முட்டும், அறிவுக்கு மட்டும் குறை வராது. இரண்டு ஆண்டுகள் அவள் சீட்டுகளில் ‘கால் வளைவு’ என்பதைத் தவிர வேறெதுவும் எழுதப்படவில்லை.

ஆபத்து கழுத்தில் இருந்தது. இரண்டாம் கழுத்தெலும்பின் பல் போன்ற முனை இந்நோயில் சரியாக வளராததால் முதல் எலும்பு நிலைகொள்ளாமல் நகர்கிறது. சுற்றியுள்ள திசுவும் தடித்துத் தண்டுவடத்தை நெருக்குகிறது. வலி இருந்தால் தெரிந்திருக்கும். இரண்டாம் வகுப்பில் தானே பொத்தான் போட்டவள் மூன்றாம் வகுப்பில் சட்டையைப் பிடித்துக்கொண்டு அம்மாவிடம் வந்து நின்றாள். சோம்பல் என்று திட்டினேன், எழுதவே கூசுகிறது.

முழங்கால் அறுவைக்கு ஒரு மருத்துவமனையில் நாளும் குறித்தாயிற்று. மயக்க மருந்து மருத்துவர் ஒருவர்தான் கழுத்துப் படம் எங்கே என்று கேட்டார். மயக்கத்தில் தளர்ந்த கழுத்தைச் சுவாசக் குழாய் செலுத்தப் பின்னுக்குச் சாய்த்தாலே தண்டுவடம் நசுங்கக்கூடும் என்பதும், இக்குழந்தைகளின் மூச்சுக்குழாயே குறுகியிருக்கும் என்பதும் அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

பிறகு வேறிடத்தில் நெருக்கத்தை நீக்கி, மண்டையோட்டின் அடியோடு கழுத்தெலும்புகளை இணைத்தார்கள். குப்புறப் படுக்கவைப்பதற்கு முன்பே நரம்புச் சமிக்ஞைகளைக் கருவியில் கண்காணிக்கத் தொடங்கிவிட்டார்கள். கழுத்து அசையாமலிருக்கத் தலையில் பொருத்திய வளையத்தோடு மூன்று மாதம் இருந்தாள். நடை தேறியது, விரல்களின் திறன் முழுதாகத் திரும்பவில்லை. அமெரிக்காவில் 2014இல் அனுமதி பெற்ற நொதி மருந்தும் இந்தக் கழுத்தெலும்பைச் சரிசெய்வதில்லை.

அரிய நோய்களுக்கான 2021 தேசியக் கொள்கை வந்ததிலிருந்து பெற்றோர்களாகிய நாங்கள் சிகிச்சைக்கான பணத்தைப் பற்றியே பேசிவருகிறோம். நான் கேட்பதற்கு அவ்வளவு செலவில்லை. வளர்த்தி குன்றி நெஞ்சு துருத்திய குழந்தை வந்தால் நடையையும் கைவிரல்களையும் சோதியுங்கள். எந்த மயக்க மருந்துக்கும் முன் கழுத்தைப் பார்க்கும்படி சீட்டிலேயே எழுதி அனுப்புங்கள். கழுத்து இணைக்கப்பட்ட குழந்தைக்கு அதைத் தெரிவிக்கும் அட்டையொன்று கொடுங்கள், நாளை பல் பிடுங்கப் போனாலும் காட்டுவதற்கு.

இப்படிக்கு,
குடியாத்தத்திலிருந்து ஒரு தந்தை