அந்த மாத்திரை அட்டை

தம்பி,

நல்லா இருக்கியா. ரெண்டு வாரமா நீ ஃபோன் எடுக்குறதில்ல, எடுத்தாலும் மீட்டிங்ல இருக்கேன்பான்னு வச்சிடுற. வேலை ஜாஸ்தியா இருக்கும்னு அம்மா சொல்றா. எனக்கு வேற மாதிரி தோணுது, ஃபோன்ல கேக்க வாய் வரல, அதான் எழுதுறேன்.

போன தடவ நீ வந்தப்ப சார்ஜர் எடுக்க உன் பைக்குள்ள கைய விட்டேன், டாக்ஸிசைக்ளின் அட்டை ஒண்ணு கையில வந்துச்சு. பத்து மாத்திரையில நாலுதான் போயிருந்துச்சு. அத முகப்பருவுக்கும் குடுப்பாங்க, சில காய்ச்சலுக்கும் குடுப்பாங்க, தெரியும். ஆனா நீ ஒவ்வொரு தடவ பாத்ரூம் போனப்பவும் பைப்ப ஃபுல்லா திறந்து விட்டுட்ட, பக்கெட் நிரம்பி வழியிற சத்தம் ஹால் வரைக்கும் கேட்டுச்சு. அந்த சத்தத்துக்கு என்ன அர்த்தம்னு இந்த வீட்ல எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும்.

நான் நெனைக்கிறது தப்புன்னா திட்டிக்கோ, சந்தோஷமா வாங்கிக்கிறேன். சரின்னா தயவு செஞ்சு டாக்டர்கிட்ட போ, நீயா மெடிக்கல்ல கேட்டு வாங்கிப் போடாத. எரிச்சலும் சீழும் கிளமிடியாவுக்கும் வரும், வெட்டைக்கும் (கொனோரியாம்பாங்க) வரும், ரெண்டுமே உறவு வச்சா ஒட்டுற நோய், சில பேருக்கு ரெண்டும் சேந்தே இருக்கும், யூரின் டெஸ்ட் பண்ணாம சொல்ல முடியாது. கிளமிடியான்னா அந்த மாத்திரை ஒரு நாளைக்கு ரெண்டு வீதம் 7 நாள், மொத்தம் 14, கொறஞ்ச மாதிரி இருக்குன்னு நாலோட நிறுத்தக்கூடாது. வெட்டைன்னா பழைய மருந்துக்கெல்லாம் அந்தக் கிருமி பழகிப் போச்சு, இப்ப செஃப்ட்ரியாக்சோன் ஊசிதான் போடுறாங்க. அப்படியே எச்.ஐ.வி, சிபிலிஸ் ரெண்டுக்கும் ரத்தம் குடுத்துடு.

மருமகளையும் கூட்டிட்டுப் போ. இதத்தான் சொல்ல வந்தேன். பொம்பளைங்க நிறைய பேருக்கு இது வந்தா வெளிய ஒண்ணுமே தெரியாது, எரிச்சல் இல்ல, வலி இல்ல, உள்ள பாட்டுக்கு இருக்கும். நீ மட்டும் மருந்து எடுத்தா அவகிட்ட இருந்து திரும்ப உனக்கே வரும். ரெண்டு பேரும் எடுக்கணும், எடுத்து முடிச்சு ஒரு வாரம் ஆகுற வரைக்கும் சேராம இருங்க, 3 மாசம் கழிச்சு இன்னொரு டெஸ்ட். உன் அட்டையில மிச்சம் இருக்கிறத அவளுக்குக் குடுத்துடாத, குழந்தைக்குப் பாத்துட்டு இருக்கீங்க, கர்ப்பமா இருந்தா அந்த மாத்திரை ஆகாது, டாக்டர் வேற குடுப்பாரு.

எங்கிருந்து வந்துச்சுன்னு நான் கேக்கல. கிளமிடியா மாசக்கணக்குல சத்தமில்லாம உள்ள இருக்கும், அதனால யார்கிட்ட இருந்து யாருக்குன்னு ஒரு டெஸ்ட வச்சு ரெண்டு பேரும் சண்டை போடாதீங்க. ஆனா அவகிட்ட மறைக்காத. எட்டாவது படிக்கும்போது பீரோ கண்ணாடிய உடைச்சிட்டு யாரும் கேக்கறதுக்கு முன்னாடியே வந்து நின்னவன் நீ, அந்தப் புள்ளைய நெனச்சு நான் எத்தன பேர்கிட்ட பெருமையா சொல்லியிருக்கேன். அவன் இப்ப தண்ணி பைப்ப திறந்து விட்டுட்டு ஒளியிறான்னா எனக்கு மனசு ஆறல.

உன்ன சொல்ல எனக்கு யோக்கியத இல்ல.

உனக்கு ரெண்டு வயசு இருக்கும். வேலைக்குன்னு வெளியூர்ல ஆறு மாசம் இருந்தேன்ல, அங்க நான் ஒழுங்கா இல்ல. திரும்பி வந்து பத்து நாள்ல ஒண்ணுக்குப் போனா கண்ணாடித் தூள் இறங்குற மாதிரி இருக்கும், பல்லக் கடிச்சாலும் சத்தம் வந்துடும், அதுக்குத்தான் பைப்ப திறந்து விடுவேன். யாருக்கும் தெரியாம ஊசி போட்டுக்கிட்டேன், மூணு நாள்ல சரியாயிடுச்சு. மனைவியையும் கூட்டிட்டு வான்னு டாக்டர் சொன்னாரு. சரிங்கன்னு சொல்லிட்டு வந்தவன் அந்தப் பக்கமே திரும்பிப் போகல.

அப்புறம்தான் அம்மாவுக்கு அடிவயித்து வலி, காய்ச்சல். வலியோட அவ படுத்துக் கிடந்ததெல்லாம் உனக்கு ஞாபகம் இருக்காது. ரெண்டாவது நிக்கவே இல்ல. உங்க அத்த பேசின பேச்செல்லாம் அவதான் வாங்கிக்கிட்டா. கடைசியா டை ஏத்தி எக்ஸ்ரே எடுத்தாங்க, ரெண்டு கருக்குழாயும் அடைச்சிருக்கு. முன்னாடி ஏதாவது தொற்று வந்துச்சாம்மான்னு டாக்டரம்மா கேட்டாங்க. இல்லைங்கன்னு சொல்லிட்டு இவ என்னத் திரும்பிப் பாத்தா, நானும் இல்லைன்னு சொல்லணும்னு. நான் கையில இருந்த ஃபைல் நூல முடிச்சுப் போட்டு அவுத்துட்டு இருந்தேன். வெளிய வந்து, என் ஒடம்புதான் சரியில்ல, உங்களுக்கு ஒரு கொறையும் இல்லன்னு எனக்கு ஆறுதல் சொன்னா தம்பி. நான் அப்பவும் சொல்லல. இன்னைக்கு வரைக்கும் சொல்லல.

இந்த வாரமே போங்க. உன் கூட அவளும் வரணும், ரெண்டு பேரும் மருந்து எடுக்கணும், திரும்பத் திரும்ப சொல்றேன்னு கோவிச்சுக்காத. ரிசல்ட் என்னன்னு எனக்குச் சொல்ல வேண்டாம், போயிட்டு வந்தோம்னு ஒரு மெசேஜ் போட்டா போதும்.

ஃபோன் பண்ணா அம்மாதான் எடுப்பா, இந்த லெட்டர் பத்தி அவகிட்ட ஒண்ணும் பேசாத. அத நான்தான் சொல்லணும்.

அப்பா