பேத்தி பேசுவதையும் எழுதுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வந்த புலம்பெயர்ந்தோர் கதைகள் மூன்றையும் படித்தேன். மூன்றிலும் வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளை தமிழ் தெரியாமல் வந்து, செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல் இருந்துவிட்டுப் போகிறது. திண்ணையில் பாட்டி கண்கலங்குகிறாள். எங்கள் கடையநல்லூரில் சிங்கப்பூர்ப் பிள்ளைகள் வந்துபோகாத தெரு இருக்காது. (இப்போது தென்காசி மாவட்டம் என்றாலும் எங்களுக்கு இது நெல்லைச் சீமைதான்.) நான் பார்த்து வளர்ந்த பிள்ளைகளில் ஒருவர்கூட அந்தக் கதைகளில் இல்லை.

என் அண்ணன் பேத்திக்குப் பதினான்கு வயது. போன டிசம்பர் லீவுக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்தவள், குற்றாலம் கிளம்பும்போது, "பேருந்து எத்தனை மணிக்குப் புறப்படும்?" என்று கேட்டாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளுக்குத் தமிழ் பள்ளிப் பாடம், தேர்வு எழுதுகிறாள். புத்தகத் தமிழ்தான் அவளுக்குச் சரளமாக வரும். சிரித்த பிள்ளைகள் தமிழில் ஒரு பத்தி எழுதத் திணறுவார்கள். ஆனாலும் அன்று ராத்திரியே அவள் இங்கிலீஷுக்கு மாறிவிட்டாள். "பிள்ளை தமிழை மறந்துட்டுது" என்று வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். உங்கள் கதாசிரியர்கள் வந்திருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பார்கள். அவள் வாயை அடைத்தவர்கள் நாங்கள்.

என்னிடம் மட்டும் ஒருநாள் மெதுவாக, "எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது" என்றாள். அவள் சொன்ன ஊர் சிங்கப்பூர். எனக்குச் சுருக்கென்றது. அப்புறம் யோசித்தால், பிறந்து வளர்ந்த இடத்தை ஊர் என்று சொல்லாமல் வேறெதைச் சொல்வாள்?

கடல் கடந்து பிழைக்கப் போவதைச் சபர் என்போம். எங்கள் பக்கத்துச் சபர் ஆண்கள் மட்டும் போன சபர் அல்ல. கடையநல்லூர், தென்காசிக்காரர்கள் பெண்டு பிள்ளைகளோடு குடும்பமாகவே சிங்கப்பூருக்குப் போனார்கள். பெண்கள் வீட்டில் மசாலா அரைத்துச் சந்தையில் விற்றார்கள். என் பெரியம்மா அங்கே வளர்ந்தவர். விடியுமுன் மிளகாய் அரைத்துக் கொடுத்துவிட்டு, எரியும் கையோடு பள்ளியில் பென்சில் பிடித்ததைச் சொல்வார். சட்டையில் மல்லி வாடை அடிக்கிறதென்று பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்களாம். எங்கள் ஊர்க்காரர்கள்தான் 1946-ல் அங்கே உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினார்கள். சிங்கப்பூரின் கடைசித் தமிழ்வழிப் பள்ளியான அது 1982-ல் மூடப்பட்டது. அக்கா தமிழிலும் தம்பி ஆங்கிலத்திலும் படித்து, ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்ட வீடுகள் உண்டு. ஒரு நாவலே அந்த வீட்டுக்குள் இருக்கிறது. பதினெட்டு வயதில் தேசிய சேவைக்கு, அதாவது அங்கே பையன்களுக்குக் கட்டாயமான ராணுவச் சேவைக்குப் போய், வாரக் கடைசியில் முகாமிலிருந்து வீட்டுக்கு வரும் பையனைப் பற்றியும் நம் பத்திரிகைகளில் நான் ஒரு கதைகூடப் படித்ததில்லை. மும்பைத் தாராவிக்குக் குடிபோன நம் பக்கத்துக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் இப்படி எத்தனையோ இருக்கும்.

அடுத்த முறை சிறப்பிதழ் போடும்போது அங்கே பிறந்த பிள்ளைகளிடமே கதை கேளுங்கள். வட்டார வழக்கு இல்லையே என்று தள்ளிவிட வேண்டாம். 'பேருந்து' என்று பேசும் பெண் கதையிலும் அப்படியே பேசட்டும். குற்றாலம் போன கதையை என் பேத்தி இரண்டு பக்கம் எழுதி வைத்திருக்கிறாள். நீங்கள் சரி என்றால் அனுப்பச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
கடையநல்லூர்