செயலாளரின் ஆண்டறிக்கை: விதவையர், திக்கற்ற பிள்ளைகள் நலப் பணி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் சகோதர சகோதரிகளே, கிறிஸ்துவின் நாமத்தில் உங்கள் யாவருக்கும் வாழ்த்துகள். நிறைவடைந்த ஆண்டுக்கான அறிக்கையைப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்.

செயற்குழு மாதந்தோறும் தவறாமல் கூடியது. தணிக்கை செய்யப்பட்ட கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஆகவே நேரே பணிக்கு வருகிறேன்.

குடும்பத் தலைவரை இழந்த வீட்டுக்கு முதல் மாதத்தில் உதவிக்குக் குறைவிருப்பதில்லை. உணவும் துணியும் ஆறுதலும் தேடி வரும். ஐந்தாறு மாதங்கள் கழித்துத்தான் அந்தப் பெண் உண்மையில் தனியாகிறாள். கணவர் பெயரிலிருந்த வங்கிக் கணக்கு முடங்கிக் கிடக்கும். வீட்டுப் பத்திரம் உறவினர் கையில் இருக்கும். கடன் கொடுத்தவர் வாசலில் நிற்பார். எனவே இந்த ஆண்டு சந்திப்புக் குழுவினர் அந்தக் காலத்தில்தான் வீடுகளுக்கு அதிகம் சென்றார்கள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், கணக்கைப் பெயர் மாற்றுவது என்று அலுவலகம் அலுவலகமாக அந்தப் பெண்களோடு நடந்தார்கள். மனுவை எழுதிக் கொடுத்தாலும் கையெழுத்தையும் பேச்சையும் அவர்களிடமே விட்டார்கள். அடுத்த மனுவுக்கு யாரையும் எதிர்பார்க்காமல் தாமே போய் வந்தவர்கள் உண்டு. இந்த ஆண்டில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்த செய்தி அதுதான்.

விதவையரைக் கவனிப்பது திருச்சபைக்கு ஓய்வு நேர வேலையாக ஒருபோதும் இருந்ததில்லை. அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தைப் பாருங்கள். அன்றாடப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய யூதர்களின் விதவைகள் விடுபடுகிறார்கள் என்று முறுமுறுப்பு எழுந்தபோது, அதைச் சரிசெய்யவே ஏழு பேர் நியமிக்கப்பட்டார்கள்.

தையல் வகுப்பு வேண்டுமா, மாத உதவித்தொகை போதுமா என்று செயற்குழுவில் நெடுநேரம் விவாதித்தோம். அவசரத்துக்குப் பணம் வேண்டும். ஆனால் ஒரு பெண் நிமிர்ந்து நிற்கக் கைத்தொழில் வேண்டும் என்பதே என் துணிபு. அதற்கு நம் முன்னோடிகளே சாட்சி. நாகர்கோவிலில் 1820-களில் மிஷனரி மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்த வருமானத்தைக் கொண்டு அடிமை நிலையிலிருந்து தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் அங்கே இருந்தார்கள். மராட்டியத்துச் சமூக சீர்திருத்தவாதி பண்டித ரமாபாயும் இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். 1889-இல் பம்பாயில் சாரதா சதன் என்ற விதவையர் கல்வி நிலையத்தைத் தொடங்கினார். 1896-97 பஞ்சத்தில் ஆதரவற்றுப் போன பெண்களையும் சிறுமிகளையும் பூனாவுக்கு அருகே கேட்காவ் என்ற ஊரில் தாம் நடத்திய முக்தி இல்லத்தில் சேர்த்தார். அங்கே நெசவும் அச்சுத் தொழிலும் கற்றுத்தரப்பட்டன. சாரதா சதனில் படித்த இளம் விதவை கோதுபாய், 1893-இல் தோண்டோ கேசவ் கார்வேயை மறுமணம் செய்துகொண்டார். அந்தக் கார்வே பின்னாளில் விதவையர் கல்விக்காகவே உழைத்தார். ஒரு பெண்ணுக்குக் கிடைத்த படிப்பு அவளோடு நின்றுவிடவில்லை.

அதே சாரதா சதனின் வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டிய இன்னொரு பகுதியும் உண்டு. சமயச் சார்பற்ற கல்வி நிலையமாகவே அது தொடங்கியது. சில மாணவிகள் கிறிஸ்தவத்தின்பால் ஈர்க்கப்பட்டார்கள் என்ற சர்ச்சை 1893-இல் வெடித்தது. பல பெற்றோர் தங்கள் பெண்களைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். நம்பிக்கை குலைந்தால் நஷ்டம் முதலில் அந்தப் பெண்களுக்கே. இதை மனத்தில் வைத்தே, உதவி பெறுவதற்கு ஆராதனை வருகையோ ஞானஸ்நானமோ நிபந்தனையாகாது என்று செயற்குழு தீர்மானித்தது. ஊழியத்தின் வீரியம் குறையும் என்று மூத்தவர்கள் சிலர் அஞ்சினார்கள். அவர்களின் பக்தியை நான் மதிக்கிறேன். ஆனால் துயரத்தில் இருப்பவளிடம் பேரம் பேசக் கூடாது. அவளாகவே ஜெபிக்கக் கேட்டால் மனமாரச் சேர்ந்து ஜெபிப்போம், கேட்டவர்கள் பலர்.

இனிப் பிள்ளைகள். தாய் உயிரோடிருக்கும்போதே பிள்ளையை விடுதியில் சேர்த்துவிடச் சொல்லும் உறவினர்களை இந்த ஆண்டும் சந்தித்தோம். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஜார்ஜ் முல்லர் 1836-இல் தொடங்கிய அநாதை இல்லங்களும், 1901 முதல் மிஷனரி ஏமி கார்மைக்கேல் நெல்லைச் சீமையின் டோனாவூரில் குழந்தைகளுக்குத் தந்த அடைக்கலமும் நமக்குப் பெரிய முன்மாதிரி. போக்கிடமே இல்லாத பிள்ளைக்கு அத்தகைய இல்லம் உயிர் காக்கும். தாய் இருக்கும் பிள்ளைக்கோ அவள் மடியே முதலிடம். வறுமையை மட்டுமே காரணம் காட்டிக் குழந்தையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்று ஐக்கிய நாடுகள் சபையின் 2009-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளும் சொல்கின்றன. எனவே விடுதிக் கட்டணத்துக்குக் கேட்கப்பட்ட தொகையை, தாய் இசைந்த வீடுகளில், பள்ளிச் செலவாகவும் அவளது தொழிலுக்கு முதலாகவும் கொடுத்தோம். இருபெற்றோரையும் இழந்த உடன்பிறந்தார் விஷயத்தில், அவர்களைப் பிரிக்காமல் ஏற்கும் உறவினரைத் தேடினோம். இது மெதுவாக நடக்கும் வேலை. பாட்டியோ அத்தையோ இசைந்த பிறகும், அந்த வீட்டில் பிள்ளைகள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

புத்தகங்களும் சீருடைகளும் வழக்கம்போல வழங்கப்பட்டன. கண் பரிசோதனை முகாமும் நன்கு நடந்தது.

காணிக்கை தந்தவர்களுக்கும், பெயர் வெளியிட விரும்பாத நன்கொடையாளர்களுக்கும், வெயிலிலும் மழையிலும் அலைந்த சந்திப்புக் குழுச் சகோதரிகளுக்கும் சங்கத்தின் நன்றி. பிள்ளைகளின் படங்களை நன்கொடை வேண்டும் அறிவிப்புகளில் வெளியிடுவதை நிறுத்தியிருக்கிறோம். அதை ஏற்றுக்கொண்டு தொடர்ந்து கொடுத்துவரும் உங்களுக்குத் தனி நன்றி.

வரும் ஆண்டுக்கு இரு முன்மொழிவுகளை வைக்கிறேன். நம்மிடம் உதவி பெற்று இன்று சொந்தக் காலில் நிற்கும் பெண்களில் இருவரைச் செயற்குழுவில் சேர்த்துக்கொள்ள வேண்டும். திட்டங்களை வகுக்கும்போது அவர்களுக்கும் வாக்கு இருக்க வேண்டும். தொழில் தொடங்குவோருக்கு வட்டியில்லாக் கடன் தரத் தனி நிதி ஒன்றையும் ஏற்படுத்த வேண்டும். விவாதித்து, இவ்வறிக்கையோடு சேர்த்து ஒப்புதல் அளிக்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்