பாறு கழுகுக்கு ஆண்டுக்கு ஒரே முட்டை

ஆசிரியருக்கு வணக்கம்.

மாயாறு பள்ளத்தாக்கில், நீர்மருது மர உச்சியில் வெண்முதுகுப் பாறு கழுகு ஒன்று கூட்டில் அசையாமல் உட்கார்ந்திருந்ததை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை. ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். குஞ்சு பறக்க மூன்று மாதம் ஆகும். இழப்பைச் சட்டென்று ஈடுகட்ட இந்தப் பறவையால் முடியவே முடியாது.

மாட்டுக்கு வலி குறையப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசிதான் இவற்றைக் கொன்றது. ஊசி போட்ட சில நாளில் மாடு செத்தால், அதைத் தின்ற கழுகின் சிறுநீரகம் செயலிழக்கும். ஈரலிலும் இதயத்திலும் சுண்ணாம்பு பூசியதுபோல யூரிக் அமிலம் படியும். 1990களில் தொடங்கிய சரிவில் இந்தியாவில் இந்த இனத்தின் 99 சதவீதத்துக்கும் மேல் போய்விட்டது.

2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடைசெய்யப்பட்டது. 2023இல் கழுகுக்குக் கேடு செய்யும் வேறு இரண்டு வலி மருந்துகளான கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் ஆகியவையும் கால்நடைகளுக்குத் தடைசெய்யப்பட்டன. சரி, தடை இருக்கிறது. மனிதருக்கென விற்கும் டைக்ளோஃபெனாக் குப்பி மாட்டுத் தொழுவத்துக்குப் போவதை யார் தடுப்பது? கழுகுக்குக் கேடு செய்யாத வலி மருந்தான மெலாக்சிகாம், காட்டோர ஊர்களின் கால்நடை மருந்தகங்களில் எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும். அப்புறம், மருந்து ஏறாமல் செத்த மாட்டைப் புதைக்காமல் கழுகுகளுக்கு விட வனத்துறை வழிசெய்ய வேண்டும்.

ஒரு வாசகர்,
கோத்தகிரி