கோகாயாமா வழியாக வாருங்கள், சித்தப்பா

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

ஓட்டுநரோடு வண்டி வைத்துக்கொண்டு கோகாயாமா, ஷிரகாவாகோ மலைக் கிராமங்களின் புல்கூரை வீடுகளைப் பார்த்து வாருங்கள் என்றேன். "கூரை வீடு பார்க்கவா இவ்வளவு செலவு? அதுதான் பஸ் போகிறதே" என்று போனில் கேட்டீர்கள். பொதுப்பணித்துறையில் எஸ்டிமேட் போட்டே பழகிய கை, கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் போனில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை இது. அப்பா அம்மாவை ஜப்பானுக்கு அழைத்து வரும் நண்பர்களும் இதையே கேட்கிறார்கள். எல்லோரும் படிக்கட்டும் என்று இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் பஸ் விஷயம். கனாசாவா நகரத்திலிருந்து ஷிரகாவாகோவுக்கு நல்ல பஸ் இருக்கிறது. ஒன்றேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும், முன்பதிவு செய்துவிட்டால் போதும். ஷிரகாவாகோ மட்டும் பார்த்தால் போதும் என்றால் அதிலேயே போய்விட்டு வாருங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. நான் உங்களுக்குக் காட்ட நினைப்பது அதற்கு வடக்கே, அதே ஷோ ஆற்றின் கரையில், தோயாமா மாவட்டத்தில் இருக்கும் கோகாயாமா. 1995-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மூன்று கிராமங்களைச் சேர்த்தே வைத்தது. ஷிரகாவாகோவின் ஓகிமாச்சியில் 59 வீடுகள், கோகாயாமாவின் ஐனோகுராவில் 20, சுகானுமாவில் வெறும் 9. கூட்டமெல்லாம் முதல் ஊருக்குப் போய்விடுகிறது. ஷிரகாவா கிராமத்தின் மக்கள்தொகையே சுமார் 1,500தான், பார்க்க வருகிறவர்கள் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேல். மதியம் அந்தக் கடைத்தெருவில் நின்றால் வீட்டைப் பார்க்கிறோமா, செல்ஃபி குச்சிகளைப் பார்க்கிறோமா என்று சந்தேகம் வரும்.

கோகாயாமாவுக்கும் பஸ் உண்டு. நாளைக்குச் சில தடவைதான். ஒன்றை விட்டால் அடுத்ததற்கு நீண்ட நேரம் காத்திருக்க வேண்டும். ஐனோகுரா நிறுத்தத்தில் இறங்கி மேலே ஏறி நடக்கவும் வேண்டும். சித்தியின் முழங்காலை நினைத்துத்தான் வண்டி என்றேன்.

இன்டர்நேஷனல் பர்மிட் எடுத்து நீங்களே ஓட்டுவதாகச் சொன்னீர்கள். சட்டப்படி முடியும். நம் பர்மிட் 1949 ஜெனீவா ஒப்பந்தத்தின்படி ஆனது, ஜப்பானில் செல்லும். இங்கேயும் இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள். ஆனால் ஓட்டுகிறவருக்குச் சாலைதான் தெரியும். ஷோ ஆறு அந்தப் பகுதியில் வளைந்து வளைந்து போவதால், 156-ஆம் எண் சாலை தோயாமாவுக்கும் கிஃபுவுக்கும் இடையே மாவட்ட எல்லையைத் திரும்பத் திரும்பக் கடக்கிறது. அதற்காகவே ஏழு பாலங்கள் கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் நீங்கள் தலையைத் திருப்புவீர்கள் என்று எனக்குத் தெரியும். வேறொருவர் ஓட்டட்டும்.

இனி அந்த வீடுகள். உங்களுக்குப் பிடிக்கும் என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் அவற்றின் அழகு இல்லை, கட்டுமானம். இரண்டு மூன்று மீட்டர் பனி விழுகிற மலை. கூரைச் சரிவு அறுபது பாகை வரை போகிறது, அதனால் பனி தங்காமல் வழுக்கி இறங்கும். கீழ்த்தளத்தின் சட்டகத்தைத் தச்சர்கள் செய்வார்கள். அதற்கு மேலே உள்ள முக்கோணம் முழுக்க ஊர்க்காரர்களின் வேலை. அந்தக் கூரைச் சட்டத்தில் இரும்பு ஆணி கிடையாது. வைக்கோல் கயிறும், 'நெசோ' என்று சொல்லும் இளமரத் தண்டும்தான். தண்டைப் பச்சையாக இருக்கும்போதே முறுக்கிக் கட்டிவிடுவார்கள், காயக் காய அது இறுகும். பெரிய சாய்மரங்களின் அடிமுனையைக் கூராகச் சீவி, உத்தரத்தில் தோண்டிய குழியில் சும்மா உட்கார வைத்திருப்பார்கள். காற்றோ நிலநடுக்கமோ வந்தால் கூரை கொஞ்சம் அசைந்து கொடுத்துவிட்டு மறுபடி நிற்கும். நீங்கள் பின் ஜாயின்ட் என்று சொல்வீர்களே, அதை எந்தக் கல்லூரிக்கும் போகாமல் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் பாருங்கள். சில உத்தரங்கள் ஒரு முனையில் வளைந்திருக்கும். மலைச்சரிவில் முளைக்கிற மரத்தைக் குளிர்காலப் பனி கீழ்நோக்கித் தள்ளும். மரம் அடியில் வளைந்து, பிறகு நிமிர்ந்து வளரும். நாமாக இருந்தால் விறகுக்கு என்று ஒதுக்கியிருப்போம். அவர்கள் அந்த வளைவைப் பாரம் தாங்கத் தோதான இடமாகப் பார்த்து வைத்திருக்கிறார்கள். ஓகிமாச்சியில் மேடான இடத்தில் நின்று பார்த்தால் கூரைகள் கிட்டத்தட்ட எல்லாமே ஒரே திசையில் நிற்பதும் தெரியும். முக்கோண முகங்கள் வடக்கும் தெற்கும் பார்க்கின்றன. பள்ளத்தாக்கில் வீசும் காற்று கூரையின் அகலப் பக்கத்தில் மோதாது. இரண்டு சரிவுக்கும் வெயில் சமமாகக் கிடைக்கும், ஒரு பக்கம் மட்டும் ஈரமாகவே கிடந்து அழுகாது. 1935-இல் இங்கே வந்த ஜெர்மன் கட்டடக் கலைஞர் புரூனோ டவுட், இந்த வீடுகளின் பகுத்தறிவான அமைப்பைப் புகழ்ந்து எழுதிய பிறகுதான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது.

அவ்வளவு உயரம் எதற்கு என்று கேட்பீர்கள். பட்டுப்புழு. மேல்தளங்கள் முழுக்கப் புழு வளர்க்கத்தான். தரையை இடைவெளி விட்டுப் போட்டிருப்பார்கள், கீழே அடுப்புக்குழியில் எரியும் தீயின் சூடும் புகையும் மேலே ஏறிப் போகும். அந்தப் புகைதான் கூரைப்புல்லையும் கயிற்றையும் பூச்சி அரிக்காமல் காத்தது. இப்போது பல வீடுகளில் தீ மூட்டுவது குறைந்துவிட்டது, கூரையின் ஆயுளும் குறைகிறது.

கோகாயாமாவை முதலில் வைத்ததற்கு இன்னொரு காரணம் வெடியுப்பு. ஷோகுன்கள் ஆண்ட எடோ காலத்தில் (1603–1868) கோகாயாமா, கனாசாவாவில் இருந்து ஆண்ட மாயேதா பிரபுக்களின் காகா ஆட்சிக்கு உட்பட்டது. துப்பாக்கி மருந்துக்கு வேண்டிய வெடியுப்பை இந்த வீடுகளின் தரைக்கு அடியிலேயே விளைவித்தார்கள். அடுப்புக்குழிக்குப் பக்கத்தில் பள்ளம் தோண்டி, மண், பட்டுப்புழுவின் எச்சம், மூலிகைச் செடி, சிறுநீர் என்று அடுக்கடுக்காகப் போட்டு மூடிவிடுவார்கள். நாலைந்து வருடம் அப்படியே கிடக்கும். நுண்ணுயிர்கள் வேலையை முடித்ததும் அந்த மண்ணைக் கரைத்து, சாம்பல் சேர்த்துக் காய்ச்சி எடுப்பார்கள். சுகானுமாவில் இதற்கென்றே ஒரு சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது, கட்டாயம் நுழையுங்கள். வெளியாள் எளிதில் வர முடியாத பள்ளத்தாக்கு என்பதுதான் இந்தத் தொழிலுக்கு வசதி. கோகாயாமாவுக்கு நாடுகடத்தப்பட்ட குற்றவாளிகளும் உண்டு. அவர்கள் தப்பிக்கக் கூடாது என்று ஷோ ஆற்றில் பாலமே கட்டவிடவில்லை, கயிற்றில் தொங்கும் கூடையில் உட்கார்ந்துதான் ஆற்றைக் கடந்தார்கள். அதே ஆற்றில் இப்போது ஏழு பாலம்!

சரி, இதெல்லாம் பழைய கதை. உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் கூரை மாற்றும் விஷயத்தில் இருக்கிறது. முப்பது நாற்பது வருடத்துக்கு ஒருமுறை புல்லை மாற்றியாக வேண்டும். ஒரு குடும்பத்தால் முடியாத வேலை அது. நூறு, இருநூறு பேர் கூரைமேல் ஏறி ஒன்றிரண்டு நாளில் முடிப்பார்கள். 'யூய்' என்று பெயர். கூலி கிடையாது. யார் வீட்டுக் கூரைக்கு யார் எத்தனை ஆள் அனுப்பினார், எவ்வளவு புல், எவ்வளவு கயிறு கொடுத்தார் என்று நம் ஊர் மொய் நோட்டு மாதிரி கணக்கு எழுதி வைத்தார்கள். ஆள் குறைந்தபோது இந்தக் கணக்கும் ஆட்டம் கண்டது. இன்று வேலையில் பெரும்பகுதியைத் தொழில் தெரிந்தவர்களே செய்கிறார்கள், கோகாயாமாவில் வனக் கூட்டுறவுச் சங்கத்தின் ஆட்கள். அரசு மானியம் வருகிறது, வெளியூர்த் தன்னார்வலர்களும் வருகிறார்கள். ஆனாலும் ஊர் கூடிக் கூரை போடுவது நின்றுபோய்விடவில்லை.

ஓகிமாச்சிக்காரர்கள் 1971-இல் கூடி மூன்று தீர்மானம் போட்டார்கள். விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை. யுனெஸ்கோ வருவதற்கு 24 வருடம் முன்பு, யாரும் கேட்காமலே. சுற்றுலாவால் ஊர் கெட்டுப்போயிற்று என்று நானும் அலுத்துக்கொள்கிறவன்தான், அந்தக் கடைத்தெரு எனக்கு இன்றும் பிடிக்காது. ஆனால் அந்தத் தீர்மானம் இல்லாமல் போயிருந்தால், அங்கே முறைத்துப் பார்க்கக்கூட எனக்கு ஒரு கடைத்தெரு இருந்திருக்காது. தீயைப் பற்றிய பயமும் அவர்களுக்கு அப்படித்தான். ஊர் முழுக்கத் தண்ணீர் பீய்ச்சும் குழாய்கள் வைத்திருக்கிறார்கள், முறை வைத்துக் கட்டை தட்டிக்கொண்டு எச்சரித்து வருகிறார்கள். 2019 நவம்பரில் வண்டி நிறுத்துமிடத்தின் அருகே ஒரு சிறு கூரைக் கட்டடம் எரிந்தது. வீடுகளுக்குப் பரவவில்லை.

அப்புறம் அணை. நீங்கள் எப்படியும் கேட்பீர்கள். ஓகிமாச்சிக்குத் தெற்கே மிபோரோ அணை, 1961-இல் கட்டி முடித்தது, பாறை நிரப்பிய அணை, உயரம் 131 மீட்டர். சில ஊர்கள் அதில் மூழ்கின. மூழ்கவிருந்த இரண்டு முதிய செர்ரி மரங்களை, அணையைக் கட்டிய மின் நிறுவனத்தின் முதல் தலைவராக இருந்த தகாசாகி தத்சுனோசுகே பார்த்துவிட்டு, எப்படியாவது காப்பாற்ற வேண்டும் என்றார். 1960-இல் வேரோடு பெயர்த்து மேலே நட்டார்கள். இன்றும் ஏரிக்கரையில் பூக்கின்றன. ஒரு வீடும் தப்பியது. அது இப்போது யோகோஹாமாவில், சாங்கேய்என் தோட்டத்துக்குள் நிற்கிறது. நீங்கள் தங்கப்போகும் நம் பாப்பா வீட்டிலிருந்து ஒரு காலைப் பொழுதில் போய்வரலாம். அடுப்பில் தினமும் தீ மூட்டுகிறார்கள், புகை வாசனையோடு உள்ளே நடக்கலாம். மலைக்குப் போகும் முன் அதைப் பார்த்துவிட்டால், அங்கே என்ன கேட்க வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

இனி நடைமுறை. வண்டி ஏற்பாடு செய்யும்போது பச்சை நம்பர் பிளேட்டா என்று பாப்பாவைக் கேட்கச் சொல்லுங்கள். பயணிகளைக் கட்டணத்துக்கு ஏற்றும் அனுமதி பெற்ற வண்டிக்குத்தான் பச்சை. வெள்ளை பிளேட்டோடு மலிவாக வருகிறேன் என்று சொல்கிறவர்களிடம் வேண்டாம், விபத்து என்றால் காப்பீடு சிக்கலாகும். வழிகாட்டிக்கு 2018 முதல் உரிமம் கட்டாயமில்லை, ஆனால் ஓட்டுநர் எல்லோரும் கதை சொல்ல மாட்டார்கள். இரண்டையும் தனியாகக் கேட்டு உறுதி செய்ய வேண்டும்.

காலையில் கிளம்பி முதலில் ஐனோகுரா. எட்டரை முதல் ஐந்து வரைதான் வரச் சொல்கிறார்கள், மனிதர்கள் குடியிருக்கிற ஊர். ஜன்னல் வழியே எட்டிப் பார்க்காதீர்கள், நீங்கள் பார்ப்பீர்கள். அப்புறம் சுகானுமா. மேலே நிறுத்துமிடத்திலிருந்து ஊருக்கு இறங்க லிஃப்ட் இருக்கிறது, சித்திக்கு வசதி. மதியத்துக்குப் பிறகு ஓகிமாச்சி. வாதா குடும்பத்தின் பெரிய வீட்டில் மேல்தளத்துக்குப் படி செங்குத்து. சித்தி கீழே உட்காரட்டும், நீங்கள் ஏறிப் பாருங்கள். செருப்பைக் கழற்றித்தான் நுழைய வேண்டும், தரை சில்லென்றிருக்கும். இருவருக்கும் கனமான காலுறை.

சாப்பாடு கொஞ்சம் கஷ்டம். காய்கறி என்று சொன்னாலும் சூப்பிலும் சோபா நூடுல்ஸ் குழம்பிலும் மீன் சாறு இருக்கும். கோகாயாமாவின் டோஃபு பிரசித்தம். கயிற்றில் கட்டித் தூக்கிப் போகலாம் என்கிற அளவுக்குக் கெட்டி. அதை உப்புத் தொட்டுச் சாப்பிடலாம். இருந்தாலும் பாப்பாவைப் புளியோதரை கட்டித் தரச் சொல்லுங்கள். குப்பைத் தொட்டி அங்கே தேடினாலும் கிடைக்காது, பையில் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

அக்டோபர் 14, 15-இல் ஓகிமாச்சி கோயிலில் திருவிழா. வடிகட்டாத அரிசி மது எல்லோருக்கும் ஊற்றுவார்கள். அந்த நாளில் போவதா தவிர்ப்பதா என்பதைச் சித்தியிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

கனாசாவாவுக்குத் திரும்ப வேண்டாம். பெட்டிகள் வண்டியிலேயே இருக்கட்டும், மாலையில் தகாயாமாவில் இறங்கிக்கொள்ளுங்கள். மறுநாள் ரயிலில் நகோயாவுக்கு, நம் வீட்டுக்கு. தகாயாமாவுக்கு இரண்டு வழி. விரைவுச்சாலையில் போனால் ஹிதா சுரங்கப்பாதை, 10.7 கிலோமீட்டர், மலையோடு மல்லுக்கட்டி 2008-இல் திறந்தது. ஒரு மணி நேரத்துக்குள் ஊர் வந்துவிடும். பழைய சாலையில் போனால் மிபோரோ அணையும் அந்தச் செர்ரி மரங்களும். ஒரு மணி நேரமாவது கூடும், இருட்டிவிடும். சுரங்கப்பாதையா அணையா என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள், வண்டிக்காரரிடம் வழியைச் சொல்லித்தான் கட்டணம் பேச வேண்டும்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்