வீட்டில் வாசிக்கும் கால் மணி நேரம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பள்ளிக் கல்வித்துறையின் வாசிப்பு இயக்கம் சிறு நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று படிகளாகப் பிரித்திருப்பது அருமையான ஏற்பாடு. வீட்டிலும் படி அறிந்தே புத்தகம் எடுக்க வேண்டும். பெற்றோரே, பிள்ளை வாசிக்கும்போது தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கச் சொல்லுங்கள். ஒரே பக்கத்தில் ஐந்து விரலும் மடங்கினால், அதை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள்; பிள்ளை கையில் எளியதைக் கொடுங்கள்.

தமிழில் பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழுவது சொல்லின் நீளத்தில்தான். ‘ஓடிக்கொண்டிருந்தது’ என்பதை முதல் எழுத்தைப் பார்த்தே ‘ஓடியது’ என்று தாண்டிவிடுவார்கள். பின்பாதியை விரலால் மறைத்து, முதலில் ‘ஓடிக்’, பிறகு ‘கொண்டிருந்தது’ என்று காட்டுங்கள். ‘கொ’வும் ‘கோ’வும் குழம்பினால், ஒற்றைக் கொம்பா இரட்டைக் கொம்பா என்று பார்க்கச் சொன்னால் போதும். உடனே திருத்தாதீர்கள். மனத்துக்குள் ஐந்து எண்ணுங்கள். பல நேரம் அவர்களே திருத்திக்கொள்வார்கள்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 15 நிமிடம் போதும். எதிரே உட்கார்ந்தால் புத்தகம் தலைகீழாகத் தெரியும், பக்கத்தில் உட்காருங்கள். ஒரே கதையைப் பத்தாம் முறை கேட்டாலும் வாசியுங்கள். முடிந்ததும் ‘என்ன நீதி?’ என்று மட்டும் கேட்க வேண்டாம், கதை பரீட்சையாகிவிடும்.

பதிப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: தொடக்க நிலை நூல்களில் வரி முடிவில் சொல்லை உடைக்காதீர்கள். அடுத்த வரியில் கிடக்கும் ‘தது’வைப் பிள்ளை தனிச்சொல்லாகவே வாசிக்கிறது.

சிறார் எழுத்தாளர் ஒருவர்,
மதுரை