பேச்சுப் போட்டியில் வளராத இரக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் பள்ளி ஆண்டு விழா நெருங்கினால் 'மனிதநேயம்', 'பிறருக்கு உதவுவோம்' என்ற தலைப்புகளில் பேச்சுப் போட்டி வைக்கிறார்கள். ஏழு வயதுப் பிள்ளை மனப்பாடம் செய்ததைத் தடுமாறாமல் ஒப்பித்துக் கோப்பை வாங்கி வருகிறது. மேடைக் கூச்சம் போக நல்ல வழிதான். இரக்கம் வளர அது வழியல்ல என்று, சிறு பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவர்கள் என்ற முறையில் சொல்ல விரும்புகிறோம்.

அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் பந்துரா 1961-இல் வெளியிட்ட ஆய்வு ஆசிரியர் பயிற்சியில் எல்லோரும் படிப்பது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியின் 72 பிள்ளைகள் அதில் பங்கேற்றார்கள். காற்றடைத்த பொம்மையைப் பெரியவர் ஒருவர் சுத்தியலால் அடிப்பதைப் பார்த்த பிள்ளைகளில் பலர் பிறகு அதே மாதிரி அடித்தார்கள். அவர் சொன்ன சொற்களையும் சொன்னார்கள். அவ்வளவாகப் பேசப்படாத இன்னொரு ஆய்வு, ஜேம்ஸ் பிரையனும் நான்சி வால்பெக்கும் 1970-இல் வெளியிட்டது. 'இல்லாதவர்களுக்குக் கொடுக்க வேண்டும்' என்று வாயால் சொல்லிவிட்டுத் தான் கொடுக்காத பெரியவரைப் பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். கொடுக்கும் விஷயத்தில் பிள்ளைகள் அவர் செய்ததையே செய்தார்கள். அடுத்த பிள்ளைக்குப் புத்தி சொல்லும்போது மட்டும் அவர் பேசியதைப் பேசினார்கள். பேச்சு ஒன்று, நடப்பு ஒன்று என்று இருப்பதையும் பிள்ளை பெரியவரிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. மேடையில் கைத்தட்டு வாங்கும் பிள்ளையைப் பார்க்கும்போது எங்களை உறுத்துவது இதுதான்.

கோயில் அன்னதானத்துக்குப் பணம் கட்டும்போது பிள்ளை பக்கத்தில் நின்றால் போதும், தர்ம சிந்தனை வந்துவிடும் என்று நினைக்கிறோம். பிள்ளையின் கண் அங்கே இருப்பதில்லை. வீட்டு முகப்பில் "வாங்க, வாங்க, உட்காருங்க" என்று உபசரித்து அனுப்பியவரைப் பற்றி, அவர் தெருமுனை திரும்புவதற்குள் வீட்டில் என்ன பேசுகிறோம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறது. பாத்திரம் தேய்க்க வரும் அம்மாவுக்கென்று ஒரு தம்ளர் பின்கட்டில் தனியாகக் கவிழ்த்து வைத்திருப்பதைப் பார்க்கிறது. அப்பத்தா வயதுள்ள அந்த அம்மாவை வீட்டில் எல்லோரும் "வா, போ" என்றால் ஐந்து வயதுப் பிள்ளையும் "ஏய், இங்கே வா" என்கிறது. அதை அதட்டிப் பயனில்லை. பெரியவர்கள் "வாங்க, காப்பி குடிச்சீங்களா?" என்று கேட்டு, வீட்டில் எல்லோரும் குடிக்கும் தம்ளரிலேயே கொடுத்தால், யாரும் சொல்லித் தராமலே பிள்ளையின் வாய் மாறும். சில வாரமாகும். நடுவில் ஒரு நாள் நாமே பழையபடி பேசிவிட்டால் பிள்ளை அதையும் பிடித்துக்கொள்ளும்.

உதவும் குணம் பிள்ளையிடம் ஏற்கெனவே இருக்கிறது. பெலிக்ஸ் வார்னெகென், மைக்கேல் டோமாசெல்லோ இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், துணி உலர்த்தும் கிளிப்பைப் பெரியவர் தவறவிட்டு எட்ட முடியாமல் கை நீட்டியபோது, 18 மாதக் குழந்தைகள் யாரும் கேட்காமலே எடுத்துக் கொடுத்தன. 2008-இல் அவர்களே இன்னொன்றும் கண்டார்கள்: உதவியதற்கு விளையாட்டுச் சாமான் பரிசாகப் பெற்ற 20 மாதக் குழந்தைகள், பரிசு நின்றதும் மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாகவே உதவின. கோப்பை வேண்டாம் என்று நாங்கள் சொல்வதற்கு இதுவும் காரணம்.

வீட்டில் இந்தக் குணம் கெடுவது பெரும்பாலும் அவசரத்தால். மூன்று வயதுப் பிள்ளை ஐயாவுக்கு (தாத்தாவுக்கு) தண்ணீர் கொண்டுபோகிறேன் என்று செம்பைத் தூக்கினால் "கொட்டிடுவே, தள்ளு" என்று பிடுங்குகிறோம். சிறிய செம்பாக, பாதி மட்டும் நிரப்பி, இரண்டு கையாலும் பிடிக்கச் சொல்லி விட்டால் போதும். சிந்தினால் துணியைக் கொடுத்து, நாமும் கூட உட்கார்ந்து துடைக்க வேண்டும். ஐயாவும் செம்பை வாங்கிக்கொண்டு பிள்ளையின் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மூன்று வயதில் தள்ளிவிட்ட பிள்ளையைப் பத்து வயதில் கூப்பிட்டால் அது எழுந்து வராது.

"சாரி சொல்லு" என்று கையைப் பிடித்து இழுப்பதும் பலனில்லாதது. அடித்த பிள்ளைக்கு அந்தச் சொல் தப்பித்துப் போகும் வழியாகிவிடுகிறது. முதலில் அடிபட்ட பிள்ளையிடம் போய், அதன் உயரத்துக்குக் குனிந்து, எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். அடித்த பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டு நிற்கட்டும். பிறகு அதன் கையாலேயே ஈரத்துணி கொண்டுவரச் சொல்லுங்கள். நாம் பிள்ளையிடம் கத்திவிட்டால் "நான் கத்தியிருக்கக் கூடாது" என்று சொல்லி நிறுத்திக்கொள்ள வேண்டும். "நீ அப்படிப் பண்ணினதாலதானே" என்று வால் சேர்த்தால், பழியை அடுத்தவர் மேல் போடத்தான் பிள்ளை படிக்கும்.

கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்), படைப்பு (முன்னோருக்குப் படைக்கும் விருந்து) என்று நம் ஊரில் பந்திக்குக் குறைவில்லை. எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைத் தண்ணீர் ஊற்ற விடலாம். குடத்தையோ வாளியையோ கொடுக்காமல் ஒரு லிட்டர் பிடிக்கும் கூஜாவாகக் கொடுங்கள். "ஊத்தட்டுங்களா?" என்று கேட்டு ஊற்றவும், போதுமென்று கை மறித்தால் நிறுத்தவும் முதலில் பெரியவர் ஒருவர் ஊற்றிக் காட்ட வேண்டும். முக்கியமாக, கார் ஓட்டி வந்தவர்களும் சமையல் ஆட்களும் உட்காரும் பந்தியில் வீட்டுக்காரரே நின்று பரிமாற, பிள்ளை கூட நிற்க வேண்டும். அதைச் செல்பேசியில் படமெடுத்துக் குழுவில் போட வேண்டாம். அடுத்த பந்தியில் பிள்ளை இலையைப் பார்க்காது, படமெடுப்பவரைத் தேடும்.

வெயில் காலத்தில் பறவைக்குத் தண்ணீர் வைக்கும் வழக்கம் பரவியிருப்பது மகிழ்ச்சி. அகலமான மண்சட்டி, இரண்டு அங்குலத் தண்ணீர், சிறு குருவி நிற்க நடுவில் ஒரு கல், சட்டிக்கு நிழல். தண்ணீரைத் தினமும் மாற்றி, உள்விளிம்பைத் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்கு கொசு முட்டையிடுவது அந்த விளிம்பில்தான். முதல் நாள் பிள்ளையோடு சேர்ந்து வைத்துவிட்டு ஒரு வாரத்தில் நாம் மறந்துபோனால், பாசி பிடித்த சட்டியைத் தினமும் பார்ப்பதும் அந்தப் பிள்ளைதான்.

பள்ளி நிர்வாகங்களுக்கு எங்கள் வேண்டுகோள்: இந்த ஆண்டு அந்தப் போட்டியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அதற்கு ஒதுக்கும் நேரத்தில் ஆசிரியர்கள், அலுவலகத்தார், வேன் ஓட்டுநர்கள், துப்புரவுப் பணியாளர்கள் எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்து, பிள்ளைகள் முன் ஒருவரை ஒருவர் எப்படிக் கூப்பிடுவது, எப்படிக் கண்டிப்பது என்று பேசி முடிவு செய்யுங்கள். பெற்றோர் கூட்டத்திலும் முதல் அரை மணி நேரத்தை மதிப்பெண்ணுக்குக் கொடுக்காமல் இதற்குக் கொடுங்கள்.

இப்படிக்கு,
தொடக்கப் பள்ளி, அங்கன்வாடி ஆசிரியர்கள் சிலர்,
காரைக்குடி.